கனடா பி.ஆர். கைக்கு வந்தாச்சு... எந்த ஊர்ல இறங்கப் போறீங்க?



கனடா பி.ஆர். பத்தி நம்ம சேனல்ல வீடியோ போடும்போதெல்லாம் ஸ்கோர், ஐ.இ.எல்.டி.எஸ்., ஏஜென்ட் ஃபீஸ் பத்தித்தான் நூறு கேள்வி வருது. "எந்த ஊர்ல போய் இறங்கலாம்?"னு கேக்குறவங்க ரொம்பக் குறைவு. பாதி பேருக்கு அந்தப் பதில் முன்னாடியே முடிவாகியிருக்கு. "மாமா பையன் டொரண்டோல இருக்கான், அங்கதான்." இன்னொரு பாதி, "கால்கரில வரி கம்மி, வாடகை கம்மின்னு சொன்னாங்க, அங்கதான்."

ரெண்டுமே தப்புன்னு சொல்ல வரல. ஆனா அஞ்சாறு வருஷம் சேர்த்த சேமிப்பு, பி.எஃப். பணம், சில வீடுகள்ல அம்மாவோட நகை, இதெல்லாம் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போறீங்க. அந்தப் பணம் அங்க எத்தனை மாசம் தாங்கும்ங்கிறதை பெரும்பாலும் இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்குது. அதனால இன்னைக்கு ஒரு ஆடிட்டர் எப்படிக் கணக்குப் போடுவாரோ, அப்படியே போட்டுப் பார்ப்போம்.

முதல்ல, அந்த நாடு எவ்வளவு பெருசு?

டொரண்டோவிலிருந்து வான்கூவருக்கு ரோடு வழியா சுமார் 4,400 கிலோமீட்டர். நம்ம விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து அசாம் திப்ருகர் வரைக்கும் ஓடுற தூரம் சுமார் 4,200. அதைவிடவும் அதிகம். நாட்டுக்குள்ளயே ஆறு நேர மண்டலம் இருக்கு. 10 மாகாணம், 3 பிரதேசம். மருத்துவக் காப்பீடு, மாகாண வரி, வாடகைச் சட்டம், கார் இன்ஷூரன்ஸ், நர்ஸ், இன்ஜினியர், டீச்சர் மாதிரி தொழில்களுக்கான லைசென்ஸ், எல்லாமே மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

அதனால "கனடா போறேன்"ங்கிறது இன்னும் முடியாத முடிவு. எந்த மாகாணம், எந்த ஊர்னு முடிவு பண்ணாத்தான் உங்க பட்ஜெட்டையே எழுத முடியும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை உங்ககிட்ட இருக்கா?

சாதாரண எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியா பி.ஆர். வந்தவங்க, கியூபெக் தவிர எந்த மாகாணத்தையும் மனசுல வச்சுப் போகலாம். கியூபெக் தன்னோட ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்குது. அங்க வர்ற புதியவர்களோட குழந்தைங்க பொதுவா பிரெஞ்சு வழிப் பள்ளியிலதான் சேரணும். உங்களுக்கு பிரெஞ்சு வரும்னா மான்ட்ரியல் நல்ல ஊர், வாடகையும் டொரண்டோவை விடக் குறைவு. பிரெஞ்சு வராதுன்னா இப்போதைக்கு அதை விட்ருங்க.

மாகாண நாமினேஷன், அதாவது பி.என்.பி. வழியா போறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். அந்த நாமினேஷன் உங்க ஸ்கோர்ல 600 பாயின்ட் கூட்டிக் கொடுத்ததே, "இந்த மாகாணத்துல வந்து இருப்பேன்"னு நீங்க சொன்னதாலதான். பி.ஆர். வந்தப்புறம் எந்த மாகாணத்துக்கும் போய் வேலை செய்ய கனடா அரசியல் சாசனம் உரிமை தருது, உண்மைதான். ஆனா சஸ்காட்செவன் நாமினேஷன்ல வந்துட்டு, அங்க ஒரு நாள்கூட இருக்காம நேரா டொரண்டோல இறங்கினா, ஆரம்பத்துலயே பொய் சொன்னீங்களாங்கிற கேள்வி வரும். தவறான தகவல் கொடுத்தது நிரூபணமானா அஞ்சு வருஷத் தடை வரைக்கும் போகலாம். "யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு ஏஜென்ட் சொன்னா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. கொடுக்க மாட்டார்.

உங்க வேலை எந்த ஊர்ல இருக்கு?

வாடகையைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பேங்க், ஃபைனான்ஸ், கார்ப்பரேட் வேலைன்னா டொரண்டோ. நாட்டோட அஞ்சு பெரிய பேங்குகளோட முக்கிய அலுவலகங்களும் அங்கதான். எண்ணெய், எரிவாயு கம்பெனிகளோட தலைமையகங்கள்னா கால்கரி. மத்திய அரசு சார்ந்த வேலை, கூடவே டெக் கம்பெனிகள்னா ஒட்டாவா. ஆனா அரசு வேலைகள்ல நிறைய இடத்துல பிரெஞ்சும் கேப்பாங்க. சாஃப்ட்வேர்னா டொரண்டோ, வாட்டர்லூ, வான்கூவர். இன்ஷூரன்ஸ்னா டொரண்டோ தவிர வின்னிபெக்கும் உண்டு. சுரங்கம், விவசாயம் சார்ந்த தொழில்னா சஸ்கட்டூன் பக்கம்.

உங்க தொழிலுக்கு லைசென்ஸ் தேவையான்னும் பாருங்க. பி.ஆர். விண்ணப்பத்துக்கு உங்க டிகிரியை மதிப்பீடு பண்ணி ஒரு ரிப்போர்ட் வாங்கியிருப்பீங்க. அது பாயின்ட் வாங்கத்தான். அதை வச்சு நர்ஸா வேலை பாக்க முடியாது. நர்ஸ், இன்ஜினியர், டீச்சர், எல்லாருக்கும் லைசென்ஸ் தர்றது மாகாண அமைப்பு. என் தொழிலுக்கும் அப்படித்தான், சி.பி.ஏ. மெம்பர்ஷிப் மாகாண அமைப்பு வழியாத்தான். உங்க பட்டத்துக்கு எந்த மாகாணத்துல எத்தனை படி, எத்தனை மாசம் ஆகும்னு அந்தந்த அமைப்போட வெப்சைட்ல இருக்கும். இங்க இருந்துகிட்டே விண்ணப்பம் போட முடியும்னா போட்டுட்டுக் கிளம்புங்க. அங்க போய் உக்காந்து காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் டாலர்ல செலவு. இங்க காத்திருந்தா ரூபாய்ல செலவு, சம்பளமும் வந்துகிட்டிருக்கும்.

இப்போ கணக்கு: பணம் எத்தனை மாசம் தாங்கும்?

ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். கணவர் ஒரு பேங்க் பேக் ஆபீஸ்ல டேட்டா வேலை, மனைவி நர்ஸ். டிக்கெட் செலவு போக கையில 20 லட்சம். ஒரு கனடா டாலர் 60 ரூபாய்னு வச்சா, சுமார் 33,300 டாலர். கீழ வர்ற வாடகை, செலவு எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட தொகை. நீங்க போற ஊருக்கு அன்னைய நிலவரத்தைப் போட்டுக்குங்க.

வழி 1: டொரண்டோல தனியா ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட். வாடகை 2,200. சாப்பாடு 700, ரெண்டு பேருக்கு பஸ், மெட்ரோ பாஸ் 310, போன், இன்டர்நெட் 150, மத்தது 300. மாசம் சுமார் 3,660. முன்பணமா ஒரு மாச வாடகை, படுக்கை, குளிர் உடை, பாத்திரம்னு ஆரம்பச் செலவு 2,500. இதெல்லாம் போக மீதி 28,600. தாங்குறது ஏழே முக்கால் மாசம்.

வழி 2: எட்மண்டன், வின்னிபெக் மாதிரி ஒரு ஊர். வாடகை 1,400, பஸ் பாஸ் 210, மத்தது அதே. மாசம் 2,760. முன்பணம், ஆரம்பச் செலவு போக மீதி 29,400. தாங்குறது பத்தரை மாசம். "பாத்தீங்களா, சின்ன ஊர்தான் பெஸ்ட்"னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

வழி 3: அதே ஊர், ஆனா வேலை கிடைக்கற இடம் பஸ் போகாத பக்கம், மைனஸ் 20ல ஸ்டாப்ல நிக்க முடியலைன்னு ரெண்டாவது வாரமே ஒரு பழைய கார் வாங்குறீங்க. கார் 8,000. பஸ் பாஸுக்குப் பதிலா இன்ஷூரன்ஸ், பெட்ரோல் மாசம் 350. மாசச் செலவு 2,900, மீதி 21,400. தாங்குறது ஏழு மாசம் சொச்சம். டொரண்டோ அபார்ட்மென்ட்டை விடக் குறைவு!

வழி 4: டொரண்டோவோட ஸ்கார்பரோ பகுதியில ஒரு பேஸ்மென்ட் வீடு, வாடகை 1,500, கார் இல்ல. மாசம் 2,960, மீதி 29,300. தாங்குறது கிட்டத்தட்ட பத்து மாசம்.

இந்த நாலு வரியையும் இன்னொரு தடவை பாருங்க. ஊர் மாறினதால மட்டும் கணக்கு மாறல. எந்த மாதிரி வீடு, கார் எப்போ வாங்குறீங்க, இந்த ரெண்டும்தான் மாசக் கணக்கை ஆட்டி வைக்குது. முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி கார் வாங்க வேண்டிய ஊர்னா, அது "மலிவான ஊர்" லிஸ்ட்ல வராது.

இந்த மாசக் கணக்கை வேலை தேடுற மாசத்தோட ஒப்பிடுங்க. உங்க துறையில புதுசா வந்தவங்களுக்கு முதல் வேலை கிடைக்க எவ்வளவு நாள் ஆச்சுன்னு, கடந்த ஒரு வருஷத்துக்குள்ள அங்க போன நாலு பேர்கிட்டயாவது கேளுங்க. பத்து வருஷம் முன்னாடி போன மாமா சொல்றது இன்னைக்கு நிலவரம் கிடையாது. அவங்க ஆறு மாசம்னு சொன்னா உங்க பணம் ஒன்பது மாசமாவது தாங்கணும். தாங்கலைன்னா ஊரை மாத்துங்க, இல்ல வீட்டை மாத்துங்க, இல்ல கிளம்புற தேதியைத் தள்ளி வையுங்க.

அரசாங்கம் கேக்குற "செட்டில்மென்ட் ஃபண்ட்" தொகையை வச்சு முடிவு பண்ணாதீங்க. 2025 ஜூலை நிலவரப்படி ரெண்டு பேருக்கு அது சுமார் 19,000 டாலர். மேல இருக்கிற வழி 1ல அதைப் போட்டா, நாலு மாசம்கூட முழுசா தாங்காது.

பணம் அனுப்பும்போதே ஒரு மாசம் காணாமப் போகும்

இது நம்ம ஊர்ப் பக்கத்து விஷயம். ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்பினா, மேல போற தொகைக்கு இப்போதைய விதிப்படி 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பாங்க. படிப்பு, மருத்துவத்துக்குத் தனி விகிதம், குடியேறப் போறவங்களுக்கு இந்த 20தான். 20 லட்சத்தையும் கணவர் கணக்கிலிருந்தே அனுப்பினா 2 லட்சம் பிடிபடும். ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா திரும்ப வரும், ஆனா அதுக்குள்ள அங்க நீங்க வாடகை கட்டணும். 2 லட்சம்னா 3,300 டாலர், கிட்டத்தட்ட டொரண்டோல ஒரு மாசம்.

இந்த 10 லட்சம் வரம்பு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி. கணவர் 10, மனைவி 10, அவங்கவங்க சேமிப்பை அவங்கவங்க கணக்கிலிருந்து அனுப்பினா டி.சி.எஸ். பூஜ்யம். பிப்ரவரி, மார்ச்ல கிளம்புறவங்க, ஒரு பகுதியை மார்ச் 31க்கு முன்னாடியும் மீதியை ஏப்ரல் 1க்கு அப்புறமும் அனுப்பலாம்.

"ஆல்பர்ட்டாவுல வரியே இல்ல" கதை

இதை நிறைய பேர் சொல்லுவாங்க. விற்பனை வரியைப் பொறுத்தவரை இதுல உண்மை இருக்கு. ஆல்பர்ட்டாவுல மத்திய ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும்தான். ஒன்டாரியோல 13 சதவீதம் எச்.எஸ்.டி. ஆனா வீட்டு வாடகைக்கும், அரிசி, காய்கறி, பால் மாதிரி அடிப்படைப் பொருளுக்கும் இந்த வரி கிடையாது. வரி விழுற பொருள் மாசம் 1,000 டாலருக்கு வாங்கினா வித்தியாசம் 80 டாலர்.

வருமான வரியில கதை வேற. வருஷம் 70,000 டாலர் சம்பளத்துல, ஒன்டாரியோ வரிக்கும் ஆல்பர்ட்டா வரிக்கும் வித்தியாசம் வருஷத்துக்கே சில நூறு டாலர்தான். ஒன்டாரியோவோட ஆரம்ப விகிதமே 5.05 சதவீதம், அதனால முதல் வேலை சம்பளத்துல ஆல்பர்ட்டாவால பெருசா ஜெயிக்க முடியாது. ஒன்றரை லட்சம் டாலர் வாங்குறவருக்குத்தான் ஆல்பர்ட்டா சில ஆயிரம் மிச்சம் பண்ணித் தரும். அதனால முதல் வேலைக்கு வரியைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுக்காதீங்க. நாலஞ்சு வருஷம் கழிச்சு சம்பளம் ஏறினப்புறம் பாருங்க.

இன்னும் ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குங்க. டிசம்பர் 31 அன்னைக்கு நீங்க எந்த மாகாணத்துல குடியிருக்கீங்களோ, அந்த முழு வருஷத்துக்கும் அந்த மாகாண விகிதம்தான். அப்புறம், இந்தியாவிலிருந்து கனடாவுக்குக் குடிபோற செலவை வருமானத்துல கழிக்க முடியாது. ஆனா கனடாவுக்குள்ள, புது வேலைக்காக, அந்த வேலை இடத்துக்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் கிட்ட வர்ற மாதிரி வீடு மாறினா, அந்தச் செலவைப் புது வேலை வருமானத்துல கழிச்சுக்கலாம். அதாவது ரெண்டாவது தடவை ஊர் மாறறது, நீங்க பயப்படுற அளவுக்குச் செலவு கிடையாது.

வீட்டு ஒப்பந்தத்துல இதைப் பாருங்க

ஒன்டாரியோல வாடகை உயர்வுக்கு அரசு வருஷா வருஷம் ஒரு உச்சவரம்பு சொல்லும். 2025ல 2.5 சதவீதம். ஆனா 2018 நவம்பர் 15க்கு அப்புறம் முதல் முதலா குடியேறின வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. பளபளன்னு புது காண்டோ பார்த்து வாடகைக்குப் போறவங்க, அடுத்த வருஷம் எவ்வளவு ஏத்துவாங்கன்னே தெரியாம மாட்டிக்குறாங்க. ஆல்பர்ட்டாவுல உச்சவரம்பே இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏத்தலாம்ங்கிற கட்டுப்பாடு மட்டும்தான்.

ஒன்டாரியோல வீட்டுக்காரர் முன்பணமா கேக்கக்கூடியது கடைசி மாச வாடகை மட்டும்தான். "புதுசா வந்திருக்கீங்க, ஆறு மாசம் அட்வான்ஸ் கொடுங்க"ன்னு கட்டாயப்படுத்த சட்டத்துல இடம் இல்ல. பேஸ்மென்ட் எடுக்கறவங்க, அது முறைப்படி அனுமதி வாங்கின தனி வீடான்னு கேளுங்க. ஒப்பந்தம் உங்க பேர்ல எழுத்துல இருக்கணும். தமிழ் பேசுற வீட்டுக்காரர்ங்கிறதுக்காக ரசீது வாங்காம விடாதீங்க.

சொந்த வீடு முதல் வருஷம் வேண்டாம். டொரண்டோ நகரத்துல வீடு வாங்கினா மாகாணத்துக்கு ஒண்ணு, மாநகராட்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பத்திரப் பதிவு வரி. வேலை மாறி ஊர் மாறணும்னா அந்தப் பணம் போனது போனதுதான்.

நம்ம ஆளுங்க இருக்கிற ஊரா?

1983க்கு அப்புறம் போன ஈழத் தமிழர்கள் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் கட்டியெழுப்பின வாழ்க்கையோட பலன் இன்னைக்கு நமக்கும் கிடைக்குது. தமிழ்க் கடை, கோயில், தமிழ்ல பேசுற டாக்டர், வாடகைக்கு பேஸ்மென்ட், எல்லாமே இருக்கு. மேல வழி 4 சாத்தியமானதே அதனாலதான். முதல் குளிர்காலத்துல, வேலை கிடைக்காத மூணாவது மாசத்துல, நம்ம மொழியில பேச நாலு பேர் இருக்கிறது பெரிய தெம்பு.

ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. உங்க வேலையே வேற மாகாணத்துல இருக்கும்போது, சொந்தக்காரங்க வீட்டுப் பக்கத்துல இருக்கணும்னு டொரண்டோல கிடைச்ச வேலையில ஒட்டிக்கிட்டா, உங்க துறையில இருந்து வருஷக்கணக்கா விலகிடுவீங்க. பிராம்ப்டன் மாதிரி ஊர்ல கார் இன்ஷூரன்ஸ் அதிகம், உங்க பின்கோடை வச்சுத்தான் பிரீமியம். சஸ்காட்செவன், மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியால அடிப்படைக் கார் இன்ஷூரன்ஸ் அரசு நிறுவனம் தர்றது. எந்த ஊரா இருந்தாலும், கிளம்பறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ.ல இருந்து லைசென்ஸ் எப்போ எடுத்தீங்கங்கிற சான்றை வாங்கி வச்சுக்குங்க. அங்க லைசென்ஸ் எடுக்கும்போது உங்க ஓட்டின அனுபவத்தைக் காட்ட அது உதவும்.

வான்கூவர் பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு. பிரிட்டிஷ் கொலம்பியால அரசு மருத்துவக் காப்பீடு நீங்க வந்த மாசம் போக இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும். அந்த இடைவெளிக்கு ஒரு தனியார் பாலிசி கட்டாயம் எடுங்க.

அப்போ அந்தத் தம்பதி எங்க போகலாம்?

என் கணக்குப்படி வழி 4. கணவரோட வேலைக்கு லைசென்ஸ் வேண்டாம், வேலை அதிகம் இருக்கிறது டொரண்டோல. மனைவி நர்ஸ் பதிவுக்கான ஆவண மதிப்பீட்டை இங்கிருந்தே ஆரம்பிக்கணும், ஒன்டாரியோவைக் குறிவச்சு. பேஸ்மென்ட், கார் இல்லாம முதல் வருஷம். மனைவிக்குப் பதிவு கிடைச்சப்புறம் கணக்கு முழுசா மாறும், ஏன்னா நர்ஸ் வேலை சின்ன ஊர்கள்லயும் இருக்கு. அப்போ ரெண்டு சம்பளத்தோட, வாடகை குறைவான ஊருக்கு மாறி வீடு வாங்கறதைப் பத்தி யோசிக்கலாம். இதே ரெண்டு பேரும் நர்ஸா இருந்திருந்தா, முதல்லயே வேற மாகாணத்தைச் சொல்லியிருப்பேன்.

நீங்க இந்த வாரக் கடைசியில ஒரு பேப்பர் எடுங்க. மூணு ஊர் பேர் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி: என் வேலைக்கு லைசென்ஸ் எத்தனை மாசம், கார் இல்லாம இருக்க முடியுமா, பணம் எத்தனை மாசம் தாங்கும், முதல் வேலைக்கு எத்தனை மாசம். பணம் தாங்குற மாசம், வேலை தேடுற மாசத்தை விடக் குறைந்தது மூணு மாசம் அதிகமா இருக்கிற ஊரை மட்டும் லிஸ்ட்ல வையுங்க. கணவன், மனைவி ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிட்டு அப்புறம் சேர்த்து வச்சுப் பாருங்க. ரெண்டு பேப்பர்லயும் வேற வேற ஊர் வந்தா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அதைப் பேசி முடிச்சிடுங்க. விமானத்துல ஏறினப்புறம் அந்தப் பேச்சுக்கு டாலர்ல விலை.

அடுத்த வீடியோவுல, கிளம்பறதுக்கு முன்னாடி இங்க இருக்கிற பேங்க் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப். எல்லாத்தையும் என்ன பண்ணணும்னு பார்ப்போம்.